பழுது பார்ப்பவனும் பழமை போற்றுபவனும்

மூடுபனி விலகுகிறது. உதகையின் திடலொன்றில் பழைய மோட்டார் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பித்தளை விளக்குகள் பளபளக்கின்றன. பாட்டன் காலத்து வண்டி பேரன் காலத்திலும் உறுமுகிறது. பார்க்க வந்தோர் சுற்றிச் சுற்றி வருகின்றனர். தொட்டுத் தடவி மகிழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "இதெல்லாம் அசல்தானா?"

சிறு கேள்வி! ஆயினும், தோழர்களே, அந்தச் சிறு கேள்விக்குள் பெருங்கேள்வியொன்று பதுங்கிக் கிடக்கிறது. எது அசல்? எது போலி? பழமையில் எதைக் காப்பது, எதைக் கழிப்பது? காப்பவன் யார், காப்பதாகச் சொல்லிக் கொள்பவன் யார்? பகுத்தறிவு பேசும் நம்மை நோக்கி, "நீங்கள் பழமையின் பகைவர்கள், இடிக்கத் தெரியும், எடுத்துக்கட்டத் தெரியாது" என்று பழிதூற்றுவோர்க்கு நாம் சொல்ல வேண்டிய விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த விடையை ஏட்டில் தேடுவதற்கு முன், எண்ணெயும் கரியும் படிந்த பட்டறையில் தேடுவோம்.

பழைய வண்டியொன்று பட்டறைக்கு வருகிறது. நீலமலையின் மழையும் பனியும் ஆண்டுக்கணக்கில் அதனை நனைத்திருக்கின்றன. மேலே வண்ணப்பூச்சு மினுக்கும். கீழே கதவின் அடித்தகடு சல்லடையாகியிருக்கும். பட்டறைத் தொழிலாளி முதலில் செய்வது என்ன? கும்பிடுவதில்லை, குறை சொல்லித் தூற்றுவதுமில்லை. கழற்றுகிறார். திருகாணி திருகாணியாகக் கழற்றி, எது எங்கிருந்தது என்று குறித்து வைக்கிறார். துருவை உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறார். தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். கெட்டியான தகடு ஓர் ஓசை தரும். உள்ளே உளுத்துப் போனது வேறோர் ஓசை தரும். உளுத்ததை வெட்டி எறிந்து புதுத்தகடு பற்றவைக்கிறார். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, குடைந்து, அளவு பெரிதான பிஸ்டன் போடுகிறார். நல்ல நிலையில் உள்ள பகுதியை, அது எத்தனை பழையதாயினும், துடைத்துத் திரும்பப் பூட்டுகிறார்.

இன்னொரு வகைப் பட்டறையும் உண்டு. அங்கே துருவை வெட்டுவதில்லை. ஓட்டையின் மேல் புட்டி அப்பி, தேய்த்து, பளபளப்பாக வண்ணம் பூசி விடுவார்கள். ஆறு மாதம் அழகாக இருக்கும். அதற்குள் துரு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனுமொன்றில் அந்த மினுமினுப்பின் உண்மை வெளிப்படும். வளைவுக்கு வண்ணம் தெரியாது; பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும்.

சரி, வெட்டி ஒட்டி, மாற்றிப் பூட்டி எழுப்பிய வண்டி அசலா? 2021-ஆம் ஆண்டு இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய வண்டி, தன் மூல வடிவில் பேணப்பட்டு, பெருமளவு மாற்றத்துக்கு ஆளாகாதிருந்தால் அது தொன்மை வாகனம் எனப் பதிவு பெறலாம் என்றது. நல்லது. ஆயின் பெருமளவு என்பதன் எல்லை எது? 50 ஆண்டு ஓடிய வண்டியில் டயரும் பழையதாக இருக்குமா? பாட்டரி பழையதாக இருக்குமா? எதையுமே மாற்றாத வண்டி ஓடாது. ஓடிய வண்டியில் எதுவும் மாறாதிருந்திராது.

இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் 1990-இல் இதே கேள்வி வழக்காக வந்து நின்றது. 1929-லும் 1930-லும் பிரான்சு நாட்டு லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்றை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. பின்னர் வாங்குவோர் மறுத்தனர்: "இது அந்தக் கார் அன்று, 1929-இல் இருந்த பாகங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே!" நீதிபதி ஆராய்ந்தார். பாகங்கள் மாறியது உண்மைதான். ஆயினும் அந்த வண்டியின் வாழ்க்கை எங்கும் அறுபடவில்லை. மாறி மாறி வந்ததும் அதே வண்டிதான். எனவே அந்தப் பெயர் இதற்கே உரியது எனத் தீர்ப்பளித்தார். உலோகத்தில் இல்லை அசல். அறுபடாத வரலாற்றில் இருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இது புதுக்கேள்வியும் அன்று. கிரேக்க வீரன் தீசியசின் கப்பலை ஏதென்சு மக்கள் பேணிக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்ததையும், அது அதே கப்பலா எனத் தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்பே நம் மண்ணில் வந்து ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதாக ஒரு வரலாறு உண்டு. அச்சுதான் தேரா? சக்கரந்தான் தேரா? நுகத்தடிதான் தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான் மன்னன். அப்படியானால் தேர் எங்கே? பாகங்கள் ஒன்றுகூடி இயங்கும் முறைக்கு நாம் இட்ட பெயரே தேர்; அதற்குள் ஒளிந்திருக்கும் மாறாத பொருளென்று எதுவுமில்லை. துறவி சொன்னதன் கருத்து அது. தேரின் உள்ளே தேரின் ஆன்மாவைத் தேடியவனுக்கு ஆணியும் கட்டையுமே கிடைத்தன!

ஏதென்சுக்கும் இலண்டனுக்கும் போவானேன்? நீலமலையிலேயே அந்தக் கேள்வி நாள்தோறும் ஊதுகுழல் ஊதிக்கொண்டு மலையேறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டர் வரை ஏறும் பாதை. மலைக்கு இருப்புப்பாதை வேண்டுமென்ற பேச்சு 1854-இலேயே எழுந்தது. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது 1899-இல். உதகை வரை நீண்டது 1908-இல். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் 12 அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களின் நடுவே பற்களுடைய இரும்புச் சட்டங்களைப் பதித்தனர். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது.

அந்த எஞ்சினின் அமைப்பைக் கேளுங்கள். அதற்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு போதும். செங்குத்தான ஏற்றத்தில் மற்ற இரண்டும் சேர்கின்றன. எதைக் கொண்டு? முதலிரண்டில் வேலை செய்து வெளியேறும் அதே நீராவியைக் கொண்டு! உழைத்து ஓய்ந்ததெனக் கருதப்படும் ஆவியே பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொன்றும் காணத்தக்கது. மலையேறும்போது எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. முன்பெட்டியில் அமர்ந்தவனுக்குக் காட்சி. பின்னால் நிற்பவனுக்குக் கரியும் புகையும். நம் சமுதாயத்தின் படமும் அதுவே அல்லவா?

இவ்வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. 1914 முதல் 1925 வரை 12. பிறகு 1952-இல் ஐந்து. உலகம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிற்று. பாகங்கள் தேய்ந்தன, மாற்றுப் பாகத்தை விலை கொடுத்து வாங்கக் கடை இல்லை. என்ன செய்வது? "வெள்ளைக்காரன் செய்தான்; நம்மால் ஆகுமா?" என்று கைவிரிப்பதா? திருச்சி பொன்மலைப் பணிமனையின் தொழிலாளரும் பொறியாளரும் கைவிரிக்கவில்லை, கைவைத்தனர். 2011-இல் எண்ணெயால் எரியும் புதிய மலை எஞ்சின் அங்கே உருவாயிற்று; அடுத்த சில ஆண்டுகளில் மேலும் மூன்று. 2021-இல் நிலக்கரியால் எரியும் எஞ்சினையும் புதிதாகச் செய்து முடித்தனர். மீட்டர் பாதை நீராவி எஞ்சின்கள் வழக்கொழிந்த காலத்தில், தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை அதை மீண்டும் படைத்தது!

பொன்மலையில் பிறந்த அந்த எஞ்சின் அசலா, போலியா? வின்டர்தூரில் வார்க்கவில்லையே என்பவன் அதைப் போலி என்பான். ஆயின் பற்சக்கரம் பல்லைக் கவ்வுகிறது. ஏற்றத்தில் வண்டி ஏறுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறது. எந்த வேலைக்காக அவ்வடிவம் பிறந்ததோ அந்த வேலை நடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இந்த மலைப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பட்டயத்தைச் சட்டமிட்டு மாட்டினால் வண்டி ஏறிவிடாது. நாள்தோறும் குன்னூர்க் கொட்டகையில் கொதிகலனைக் கழுவி, இணைப்புகளை இறுக்கி, எண்ணெயிட்டுத் துடைக்கும் கைகளாலேயே அது ஏறுகிறது. அசல் அந்தக் கைகளில் இருக்கிறது. இரும்பு மாறலாம், அறிவு அறுபடக் கூடாது.

அவ்வறிவு எவருக்கும் பிறவியில் வருவதன்று. கோவை ஜி.டி. நாயுடுவை அறியாதார் யார்? பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கி, மாலையிட்டு மூலையில் நிறுத்தினாரா? பிரித்துப் போட்டார்! பிரித்துப் பூட்டி, பூட்டிப் பிரித்து, அதன் சூட்சுமத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். குலத்தொழில் என்றும், முற்பிறவிப் பயன் என்றும் ஓதுவோர், ஸ்பானர் பிடிக்கும் கையிடம் தோற்றுப் போனார்கள்.

இங்கே பழமை போற்றும் நண்பர் குறுக்கிடுவார், குறுக்கிடட்டும். அவர் வாதத்தை அவர் வாயாலேயே கேட்போம்: "பார்த்தீர்களா! நூறாண்டு எஞ்சினைக் காக்க வேண்டும் என்கிறீர். பழைய காரைப் புதுப்பிப்பவனைப் பாராட்டுகிறீர். ஆயிரமாயிரம் ஆண்டு வழங்கிய ஆசாரத்தை மட்டும் ஏன் அழிக்கச் சொல்கிறீர்? அதிலும் துருவை நீக்கிப் புதுப்பிக்கலாமே! சாதியிலே தீண்டாமை என்னும் துருவை மட்டும் தேய்த்து விட்டு, மற்றதை வைத்துக் கொள்ளலாமே!"

எளிதில் தள்ளிவிடத்தக்க வாதமன்று இது. நல்லவர் பலரும் இதில் மயங்கியிருக்கின்றனர். ஆகவே பட்டறைத் தொழிலாளியையே நடுவராக்கி மூன்று கேள்வி கேட்போம்.

முதற்கேள்வி: இது எதற்காகச் செய்யப்பட்டது? கார் ஆளை ஏற்றிச் செல்லச் செய்யப்பட்டது. ஏற்றிச் செல்லாதபோது அது பழுது. பழுதை நீக்கினால் பயன் பிறக்கும். கைவிலங்கு எதற்காகச் செய்யப்பட்டது? கட்டிப் போடுவதற்காக. கைவிலங்கு துருப்பிடித்துத் திறந்து கொண்டால், அதற்கு எண்ணெயிட்டுச் சரிசெய்பவனைப் பழுது பார்ப்பவன் என்போமா? சாதியில் தீண்டாமை துரு அன்று, தோழரே! அந்த இயந்திரம் சரியாக ஓடினால் வெளிப்படும் விளைவே அதுதான். பிறப்பால் ஒருவனை மேலேற்றி ஒருவனைக் கீழிறக்கச் செய்த பொறி, சரியாக ஓடும்போதுதான் கொடியது. பழுதானால்தான் மக்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பழுதைப் பார்க்கலாம், படைப்பின் நோக்கமே பாழெனில் எதைப் பார்ப்பது?

இரண்டாவது கேள்வி: கழற்றிப் பார்க்க விடுவாயா? தன்னைக் கழற்றிப் பார்க்காதே என்று எந்த எஞ்சினும் சொல்வதில்லை. கொதிகலனைத் திறந்தவன் பாவியாவான் என்று எந்த ஏடும் எழுதவில்லை. ஆசாரமோ, "கேள்வி கேட்காதே, கண்ணை மூடிக்கொள்" என்கிறது. திறந்து காட்ட மறுக்கும் எஞ்சினை எந்தத் தொழிலாளியும் மலைப்பாதைக்கு அனுப்ப மாட்டார்.

மூன்றாவது கேள்வி: விரிசலை மறைத்தாயா, மாற்றினாயா? சீர்திருத்தம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பல புட்டி வேலைகளே. பழைய வழக்குக்கு அறிவியல் பெயரிட்டு, மூடநம்பிக்கைக்கு மின்விளக்குப் போட்டு, புதிய மொந்தையில் பழைய கள்ளை ஊற்றித் தருகின்றனர். மினுக்குகிறது, உள்ளே துரு தின்கிறது.

அப்படியானால் ஆகாத பழமையை அடியோடு மறந்து விடுவதா? வேண்டாம். கைவிலங்குக்கும் இடமுண்டு: அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். நடந்தது இதுவென நாளைய பிள்ளைகள் அறியட்டும். ஓட்டுவதற்காகக் காப்பது வேறு. சான்றுக்காகக் காப்பது வேறு. இரண்டையும் குழப்புவதே பழமை போற்றுவோரின் சூழ்ச்சி. சில வேளைகளில் நம்முடைய அவசரமும் அதே குழப்பத்தைச் செய்து விடுகிறது.

நீலமலையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய காருக்கு மெருகேற்றுகையில், அதில் ஏறிச் சென்ற துரையின் காலத்துக்கும் சேர்த்து மெருகேற்றி விடுகிறார்கள். "அந்தக் காலம்! அந்த மாளிகை! அந்த விருந்து!" என்று உருகுகிறார்கள். எவருடைய காலம் அது? தேயிலைச் செடிகளுக்கிடையே முதுகில் கூடையோடு குனிந்து நின்றவளுக்கு அது பொற்காலமா? கங்காணியின் கணக்கேட்டில் கடனாளியாகப் பிறந்து கடனாளியாக மாண்டவனுக்கு அது விருந்துக் காலமா? 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின், பிறந்த இலங்கை மண்ணை விட்டு வந்து, 1968 முதல் அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கமர்ந்த தமிழர்களின் வரலாறும் இந்த மலையின் வரலாறுதானே! வண்டியைப் புதுப்பியுங்கள், வரவேற்கிறோம். வண்டியில் அமர்ந்திருந்த ஆண்டான் மனப்பான்மையைப் புதுப்பிக்காதீர்கள். துரைமார் பெயர்கள் தெருக்களிலும் மாளிகைகளிலும் நிற்கின்றன. குகை குடைந்தவன் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பொன்மலையின் கதையும் எஞ்சினோடு முடிவதன்று. பணிமனைகளை அங்கே ஒன்றுகுவித்த நாளில், ஆட்குறைப்பையும் திறமைத் தேர்வையும் எதிர்த்து 1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆண்டுக்கணக்கில் இரும்போடு பழகிய கைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். தேர்வு வைத்தவர்க்குத் தேர்வு வைப்பார் இல்லை. அப்போராட்டத்துக்காகச் சிங்காரவேலர் சிறை புகுந்தார். 1946 செப்டம்பரில் பொன்மலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் உயிர்கள் பலியாயின. அதே பொன்மலையின் கைகளே பின்னாளில் மலை எஞ்சினைப் படைத்தன. எஞ்சினுக்குப் பட்டயம் தரும் உலகம், இந்த வரலாற்றுக்கும் ஒரு கல் நாட்டினால் என்ன?

இறுதியாக நமக்குள் ஒரு சொல். இளைஞர்களே! ஊரார் துருவைப் பேசிவிட்டு நம் துருவை மறைப்பது நேர்மையாகாது. நம் கொள்கையும் ஓடும் வண்டிதான். அதிலும் தேய்வு உண்டு. தந்தை சொன்னதை மகன் கேள்வி கேட்காமல் ஒப்பித்தால், தலைவர் படத்துக்கு மாலை மட்டும் ஏறி அவர் கேட்ட கேள்வி இறங்கிப் போனால், சாதி மறுப்பு மேடையில் முழங்கி மணப்பந்தலில் மௌனமானால், நாமும் புட்டி அப்பிய வண்டியே. பகுத்தறிவென்பது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. நாள்தோறும் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டிய பொறி. நேற்றைய வாதம் இன்றைய ஏற்றத்தில் வழுக்கினால், பல்லை மாற்ற அஞ்சக் கூடாது. மாற்றினால் கொள்கை போய்விடும் என்று அஞ்சுபவன், பலகையை மாற்றினால் கப்பல் போய்விடும் என்று அஞ்சி உளுத்த கப்பலில் கடல் கடக்கப் புறப்பட்டவன் ஆவான். அதேபோல், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்பவனும் ஊர் போய்ச் சேரான்.

காயலான் கடைக்காரன் கண்ணுக்கு எல்லாம் பழைய இரும்பு. பூசாரி கண்ணுக்கு எல்லாம் புனிதம். பட்டறைத் தொழிலாளி கண்ணுக்கு மட்டுமே இது நல்லது, இது கெட்டது, இது மாற்றத்தக்கது என்ற வேறுபாடு தெரிகிறது. தட்டிப் பார்த்துத் தெளிகிறார், தெளிந்தபின் வெட்டுகிறார், வெட்டியபின் கட்டுகிறார், கட்டியதை ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுகிறார்.

"இதெல்லாம் அசல்தானா?" என்று இனி எவரேனும் கேட்டால், அந்தக் கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்கச் சொல்லுங்கள்: "இது ஓடுகிறதா? எவரை ஏற்றிச் செல்கிறது? எவரை நசுக்காமல் செல்கிறது?" இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லும் பழமை நம்முடையது, அதை நாமே துடைத்துக் காப்போம். விடை சொல்ல மறுக்கும் பழமை, எத்தனை மெருகேறி வந்தாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் போகட்டும்!